ரிஜெக்ட் சார் அழுத காட்சி

அடிபட்ட வண்டி நிஜமாகவே அடிபட்டதா, அடிபட்ட மாதிரி நடிக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் அவர் வேலை. காப்பீட்டு நிறுவனத்தில் அந்த உத்தியோகத்துக்குப் பெயர் சர்வேயர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ரிஜெக்ட் சார். அவர் மேஜைக்கு முன்னால் போடப்பட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்களில் சிரித்துக்கொண்டே எழுந்தவர்கள் குறைவு. அவர் முகத்தைப் பார்த்தாலே இழப்பீட்டு மனு திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஒருமுறை, பெருமழையில் சுவர் இடிந்து தன் வண்டிமேல் விழுந்துவிட்டதாகச் சொல்லி, அந்த மழையிலேயே எடுத்த படங்கள் என்று ஒருவர் கொண்டுவந்து காட்டினார். வண்டி நொறுங்கியிருந்தது. சுவர் இடிந்திருந்தது. பக்கத்தில் நின்ற உரிமையாளரின் முகமும் பொருத்தமாக இடிந்திருந்தது. சர்வேயர் இந்த மூன்றையும் பார்க்கவில்லை. படத்தில் தூரத்தில் ஒரு மொட்டைமாடியில் கொடி நிறையத் துணி காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

"மழையில துணி காயப்போடற ஊரா உங்க ஊரு? ரொம்ப முன்னேறிய ஊரா இருக்கே" என்றார். மனு திரும்பிப் போனது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் சூத்திரம் ஒன்றுதான். "அடிபட்ட எடத்த பாக்காதீங்க. பின்னாடி பாருங்க. முன்னாடி இருக்கறத எவனும் அலங்காரம் பண்ணித்தான் வைப்பான். பின்னாடி இருக்கறத எவனும் பெருக்கக்கூட மாட்டான்."

இந்தச் சூத்திரத்தை அவர் அலுவலகத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தால் குடும்பத்துக்கு நல்லதாக இருந்திருக்கும். வீட்டுக் கூடத்தில் எட்டரை மணி சீரியல் ஓடும். வக்கீல் மருமகள் ஒருத்தி நீதிமன்றத்தில் வாதாடியதுபோக மீதி நேரமெல்லாம் மாமியாரிடம் தோற்றுக்கொண்டிருக்கும் கதை. அவர் மனைவி, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர், எல்லோரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். சர்வேயர் தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் குறுக்கே நடப்பார்.

"இந்த ஆஸ்பத்திரி சுவரப் பாரு. போன மாசம் இது போலீஸ் ஸ்டேஷன். ஆணி அடிச்ச ஓட்டைகூட அப்படியே இருக்கு."

"நீங்க தண்ணி குடிச்சாச்சுல்ல? உள்ள போங்க" என்பாள் மனைவி.

முன்பெல்லாம் சர்வேயரின் மாமியாரும், அதாவது மனைவியின் அம்மாவும், அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசி சில வருடம் இவர்கள் வீட்டில்தான் இருந்தார். போன வருடம் இங்கேயே இறந்தார். அன்று சர்வேயர் செய்த வேலைக்கு அளவில்லை. ஆம்புலன்ஸ், மருத்துவச் சான்றிதழ், வாடகை நாற்காலி, வந்தவர்களுக்குச் சாப்பாடு, சாப்பாட்டில் உப்பு, எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தார். அழுகிற வேலையை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டார். மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதற்காக மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வது கணவர்களின் வழக்கம். இவரும் கணவர்தானே.

அப்புறம் அவருக்குக் கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக வீட்டில் இருந்த நாட்களில்தான் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். சீரியல்கள் மக்கள் வாழ்க்கையை எப்படி ஆட்டி வைக்கின்றன என்று ஓர் ஆவணப்படம். கூடிப் பார்க்கிற வீடு ஒன்று வேண்டும் என்று தேடியதில், பக்கத்து வீட்டுக்காரி இந்த வீட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டாள்.

இயக்குநர் ஒரு சின்னப் பெண். வந்ததும் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "ரொம்ப நேச்சுரலா இருக்கு மேடம், எதையும் மாத்தாதீங்க" என்றாள். பிறகு திரைச்சீலையைக் கழற்றச் சொன்னாள், சோபாவைத் திருப்பிப் போடச் சொன்னாள், சுவரில் இருந்த கல்யாணப் படம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது என்று இறக்கி வைக்கச் சொன்னாள். இயற்கையாக மிஞ்சியது மின்விசிறி மட்டும்தான். அதையும் சத்தம் வருகிறது என்று நிறுத்திவிட்டார்கள்.

"சார், நீங்களும் வாங்களேன். ஆண்கள் பாக்கற மாதிரி ஒரு ஷாட் இருந்தா நல்லாருக்கும்."

"நான் பாக்கறதில்ல."

"சும்மா உக்காந்தா போதும் சார். கேமரா இல்லன்னு நெனச்சுக்கோங்க."

"கேமரா இருக்கே" என்றார் சர்வேயர். ஆனாலும் கடைசியில், மனைவி பார்த்த பார்வையில், ஓரமாக உட்கார்ந்தார். மனைவியைத் தனியாகச் சமையலறையில் வைத்து ஒரு பேட்டி எடுத்தார்கள். பிறகு சீரியல் ஓடியதையும் எல்லோரும் பார்த்ததையும் எடுத்தார்கள். அன்றைய பகுதியில் வக்கீல் மருமகளின் அம்மா இறந்துபோனாள். அவள் அந்தக் கதையில் இறந்தது அது மூன்றாவது தடவை.

படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒளிபரப்பானது. பக்கத்து வீட்டுக்காரி, எதிர்வீட்டு அம்மா, மனைவியின் தம்பி, எல்லோரும் வந்து கூடத்தை நிரப்பினார்கள். படத்தில் எதிர்வீட்டு அம்மா மொத்தம் ஒரு தோளாக வந்தார். பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் கூடுதல். சிரிப்பது வரைக்கும் வந்து, சிரித்து முடிப்பதற்குள் போய்விட்டாள். மனைவி சமையலறையில் அத்தனை நேரம் பேசியதில், "ரொம்பப் பிடிக்கும்" என்ற இரண்டு வார்த்தை மட்டும் பிழைத்திருந்தது. மீதிக்குக் குக்கர் விசில் காரணம் என்று இயக்குநர் பின்னால் தொலைபேசியில் சொன்னாள்.

அப்புறம் வந்தது அந்தக் காட்சி. திரைக்குள் திரையாக வக்கீல் மருமகள் தன் அம்மாவின் உடல்மேல் விழுந்து கதறுகிறாள். பெண்கள் கன்னத்தில் கை. வயலின். திடீரென்று, திரை முழுக்க, சர்வேயரின் முகம். கறுப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கிறது. கண் நிறைகிறது. ஒரு சொட்டு, எந்த அவசரமும் இல்லாமல், மூக்கோரமாக இறங்குகிறது. வயலின் நின்றுவிடுகிறது. உடனே புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்த ஒரு பேராசிரியர் சொல்கிறார்: "நவீன ஆண் தன் கண்ணீரைத் தொலைக்காட்சியிடம் ஒப்படைத்துவிட்டான்."

கூடம் சிரித்து உருண்டது. மச்சினன் சோபாவைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அத்தான்! ஒப்படைச்சிட்டீங்களா? ரசீது வாங்கினீங்களா?"

"மருந்துடா அது. கண்ணு மருந்து!"

"பேராசிரியரே சொல்லிட்டாரு அத்தான். அவரவிட உங்களுக்குத் தெரியுமா உங்க கண்ணப் பத்தி?"

சிரிக்காதவள் ஒருத்திதான். மனைவி எழுந்து உள்ளே போனாள். போகிற வழியில் மகளிடம் சொன்னாள்: "உங்கப்பாகிட்ட கேளு. எங்கம்மா போனப்ப இந்தக் கண்ணு எங்க போயிருந்துச்சுன்னு."

அன்றிலிருந்து அவள் அவரோடு நேரடியாகப் பேசவில்லை. சாப்பாட்டில் ஒரு குறை கிடையாது. சட்டை இஸ்திரி போட்டிருந்தது. எல்லாம் மகள் வழியாகத்தான் வந்தது. "அவங்களுக்குக் காப்பி வேணுமான்னு கேளு." "சாதம் இன்னும் வைக்கணுமான்னு கேளு." மகளும் சளைக்காமல், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம், "அப்பா, சாதம் இன்னும் வைக்கணுமான்னு அம்மா கேக்கறாங்க" என்பாள். அவரும், "போதும்னு சொல்லு" என்பார். கட்டணமில்லாத தபால் சேவை.

அலுவலகம் போனால் அங்கே வேறு விதம். ரிஜெக்ட் சார் என்ற பெயர் ஒரே நாளில் கண்ணீர் சார் ஆகியிருந்தது. விபத்துப் படங்களோடு வந்த ஒருவர், நாற்காலியில் உட்காருவதற்குள், "சார், நீங்க இளகின மனசுக்காரர்னு டிவியில பாத்தேன்" என்று ஆரம்பித்தார். அந்த மனு எவ்வளவு வேகமாகத் திரும்பிப் போனது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அலுவலகத்தை அவர் சமாளித்துக்கொள்வார். வீட்டில்தான் முடியவில்லை. சீரியல் பார்த்து அழுதவன் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும். ஆனால் 'எங்கம்மாவுக்கு வராத கண்ணீர் அந்த வக்கீலோட அம்மாவுக்கு வந்துச்சே' என்று மனைவி நினைத்துக்கொண்டே காலத்துக்கும் சாதம் பரிமாறினால்? விளக்கம் சொல்லிப் புரியவைக்க அவருக்குத் தெரியாது. வருத்தம் தெரிவிக்கவும் வராது. அவருக்குத் தெரிந்தது விசாரணை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரணை என்று அறிவித்தார்.

மச்சினனைச் சாட்சியாகக் கூப்பிட்டார். அவன் கொறிக்க ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தான். மகள் தன் அலுவலகத்துக்கான சின்னச் சின்ன வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். படத்தை இணையத்திலிருந்து எடுத்து டிவியில் போட்டு, ரிமோட்டோடு உட்கார்ந்தாள். மனைவி வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு கூடைப் பட்டாணியை எடுத்துக்கொண்டு வந்து, உரிக்கிற வேலை இருப்பதால் இங்கே இருக்கிறேன் என்கிற பாவனையில் உட்கார்ந்தாள். சர்வேயர் கையில் மரத்தாலான அடிக்கோல். எதிரில் தொலைக்காட்சிப் பெட்டி, குற்றவாளியாக.

முதல் காட்சி: மேலே பறக்கும் கேமராவிலிருந்து மாலை நேரத்துக் கூரைகள். ஆழ்ந்த குரல் ஒன்று, "இந்த நகரம் எட்டரை மணிக்கு மூச்சை நிறுத்திக்கொள்கிறது" என்கிறது.

"நிறுத்து" என்றார் சர்வேயர். "யாரு சொல்றான் இத? குரல் மட்டும் வருது, ஆளக் காணோம். ஆளக் காட்டாம பேசறவன் பொய் சொன்னாலும் யாரப் போய்ப் பிடிக்கறது?"

"அந்த நேரத்துல நகரமே என்கூட சிக்னல்ல நிக்குது அத்தான். மூச்சா? ஹாரன்தான் விடுது" என்றான் மச்சினன்.

அடுத்து, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகள், நெருக்கத்தில். பிறகு பெண்கள் மிக மெதுவாக, தண்ணீருக்குள் நடக்கிறவர்கள்போல் உள்ளே வருகிறார்கள்.

"இவங்க எல்லாம் ஏன் இப்படி நடக்கறாங்க? மாவுக்கட்டா?"

"ஸ்லோ மோஷன்ப்பா. மெதுவா ஓட்டினா எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் வந்துடும்."

"எதிர்வீட்டம்மா நடக்கறதுல என்ன அர்த்தம்? சரி, செருப்புக்குப் போ. பின்னாடி பாரு. அந்த ஓரத்துல ரெண்டு பெரிய ஷூ. யாருது? நம்ம வீட்டுக்குச் சீரியல் பாக்க வர்றவங்கள்ல யாரு ஷூ போடறாங்க? கேமராக்காரனோடது! கூட்டத்தக் காட்டறேன்னு அவனோட ஷூவையும் சேத்துக் காட்டிட்டான்."

மச்சினன் கை தட்டினான். பட்டாணி உரிக்கும் விரல்கள் ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தன. சர்வேயருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வயலின் வந்த இடத்தையெல்லாம் நிறுத்தினார். பெண்கள் அழாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அழுவது வயலின்தான் என்று காட்டினார். மகளிடம் ஒலியை அணைத்து ஓட்டச் சொன்னார். ஒலி இல்லாமல் பார்த்தால் எதிர்வீட்டு அம்மா கொட்டாவி விடுகிறார். ஒலியோடு பார்த்தால் விம்முகிறார்.

"ஆக, கொட்டாவிய அழுகையாக்க ஒரு வயலின் போதும். குறிச்சுக்கோங்க" என்றார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

கடைசியாக அந்தக் காட்சி. சர்வேயர் தொண்டையைச் செருமினார்.

"இப்ப வக்கீல் மருமக கத்தறா. அடுத்து என் மூஞ்சி. அவ கத்தற சத்தம் என் மூஞ்சி மேலயும் வருது. ஏன் வருது?"

"சத்தத்த இழுத்து அடுத்த ஷாட் மேல ஓட்டுவாங்கப்பா. ரெண்டும் ஒரே எடத்துல, ஒரே நேரத்துல நடக்கற மாதிரி இருக்கும்."

"மாதிரி! அந்த வார்த்தைதான் எனக்கு வேணும். இப்ப நிறுத்து. கண்ண பாக்காதீங்க. சொட்ட பாக்காதீங்க. பின்னாடி பாருங்க."

முகத்துக்குப் பின்னால் எல்லாம் மங்கலாக இருந்தது. காதுக்கு மேலே, கலங்கலாக, பெரிதாக, ஒரு சிவப்புப் புள்ளி. படத்தில் அது அழகாகவே இருந்தது. அந்தி வெளிச்சம் என்று பேராசிரியர்கூட நினைத்திருக்கலாம்.

சர்வேயர் அடிக்கோலால் புள்ளியைத் தட்டினார். "நான் கூடத்துல உக்காந்திருந்தா எனக்குப் பின்னாடி என்ன இருக்கணும்? ஜன்னல். ஜன்னல்ல சிவப்பு வெளக்கு எரியுமா? எரியாது. அப்ப நான் கூடத்துலயே இல்ல! டிவிக்கு முன்னாடியே இல்ல! வேற எங்கயோ, வேற எப்பவோ எடுத்த மூஞ்சியக் கொண்டாந்து இங்க ஒட்டியிருக்கான். மனு தள்ளுபடி!"

மச்சினன் எழுந்து நின்றே கை தட்டினான். சர்வேயர் மனைவியின் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்தார்.

"சரி அத்தான். அப்ப எங்க இருந்தீங்க?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் வேலை, 'இது அங்கே நடக்கவில்லை' என்று நிரூபிப்பதோடு முடிந்துவிடும். எங்கே நடந்தது என்பது வண்டிக்காரனின் கவலை.

"அது ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் லைட்டுப்பா" என்றாள் மகள். "சமையக்கட்டு வாசல்ல நிக்கறீங்க."

எல்லோரும் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள். சமையலறை வாசலை ஒட்டி ஃப்ரிட்ஜ் நின்றது. அதற்கு மேலே ஸ்டெபிலைசர், சிவப்பு விளக்கோடு, சாட்சிக் கூண்டில் ஏறிய நல்ல பிள்ளைபோல் எரிந்துகொண்டிருந்தது.

"ஆமா" என்றார் சர்வேயர் வேகமாக. "மருந்து ஃப்ரிட்ஜ்லதான இருக்கும். எடுக்கப் போனேன். கண்ணுல விட்டுக்கிட்டேன். அதான் வழியுது. அவ்வளவுதான் கதை."

"நீங்களா விட்டுக்கிட்டீங்க?" மகள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். "உங்களுக்குத்தான் குறி பாத்து விடத் தெரியாதே. நெத்தியில விட்டுப்பீங்க. தெனமும் நான்தான விடுவேன்? அன்னிக்கு அவங்க எல்லாம் கெளம்பிப் போன பின்னாடிதான் விட்டேன். கேமரா இருக்கறப்ப வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க."

மச்சினன் கொறிப்பதை நிறுத்திவிட்டான். கூடத்தில் வயலின் இல்லாமலேயே அமைதி வந்தது.

மனைவி கூடையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் உள்ள பேசிக்கிட்டு இருந்தப்பவா?"

சமையலறையில் அன்று அவள் சொன்னது படத்தில் வரவில்லை. "எங்கம்மாவுக்குக் காது சரியா கேக்காது. சீரியல்ல யாரு என்ன சொன்னாலும் நான் திருப்பிச் சத்தமா சொல்லணும். இப்பவும் சில நாளு சத்தமா சொல்லிடறேன். சொன்ன பின்னாடிதான் ஞாபகம் வரும், யாருக்குச் சொன்னேன்னு." சரியாக அந்த இடத்தில்தான் குக்கர் விசில் அடித்தது. பேச்சு கெட்டுவிட்டது என்று வெட்டி எறிந்தார்கள். வாசலில் நின்று அதைக் கேட்டவரின் முகத்தை இரண்டாவது கேமராக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைத்திருக்கிறார். முகம் கெடவில்லை. அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையைத் தேடி வந்தவர்கள் கையில் அகப்பட்ட உண்மையை என்ன செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

சர்வேயர் அடிக்கோலைப் பார்த்தார். திரையில் உறைந்து நின்ற தன் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வழக்கில் அவருக்கே வெற்றி. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, மச்சினனும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கூடத்தில் எங்கே போய் நிற்பது? பிறகு, மேஜைக்கு எதிரில் உட்காரும் எத்தனையோ பேர் செய்ததை, முதல் தடவையாக அவரும் செய்தார்.

"சீரியல் பாத்துதான் அழுதேன்" என்றார்.

"என்னது?" என்றான் மச்சினன்.

"ஆமாடா. வக்கீலோட அம்மா செத்தா யாருக்குத்தான் அழுகை வராது? அங்க நின்னே பாத்தேன்."

"அங்க நின்னா டிவி தெரியாதே அத்தான். நடுவுல சுவரு இருக்கே."

"எனக்குத் தெரிஞ்சுச்சு. புதுக் கண்ணு."

சுவர் அங்கேயேதான் இருந்தது. யாரும் அதைத் தட்டிப் பார்க்கவில்லை. அவர் மேஜைக்கு இப்படி ஒரு மனு வந்திருந்தால், அதைக் கொண்டுவந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட முடிந்திருக்காது. மனைவி கூடையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, விடுங்க. சீரியல் பாத்துதான் அழுதீங்க. ஒத்துக்கறேன்" என்றாள். எழுந்து போகும்போது, தபால் சேவையை நிறுத்திவிட்டு, நேரடியாகவே கேட்டாள்: "காப்பி வேணுமா?"

மகளும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மகள் ஒரு முறுக்கை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

பொய் மனு கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அதற்கேற்ப நடந்தாக வேண்டும். மறுநாள் எட்டரை மணிக்குக் கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஏங்க! வக்கீல் மருமக வந்துட்டா. அழ வரலையா?"

அவர் வந்து உட்கார்ந்தார். அடுத்தடுத்த நாளும் வந்தார். எதிர்வீட்டு அம்மா அவருக்காகக் கைக்குட்டை கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. "இந்தக் கோர்ட்டு பெஞ்சும் அன்னிக்குச் சாப்பாட்டு மேஜையும் ஒண்ணு" என்று மட்டும் அவ்வப்போது சொல்லி, எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் சீரியலில் யாரோ மூச்சிரைக்க ஓடிவந்து வக்கீல் மருமகளிடம் என்னவோ சொன்னார்கள். அவள் கையிலிருந்த கோப்புகள் கீழே சிதறின. மனைவி, பழக்கத்தில், சத்தமாகத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டாள்.

சர்வேயருக்கு அறுவை சிகிச்சை நடந்தது கண்ணில்தான். காதில் எந்தக் கோளாறும் கிடையாது. பக்கத்து அறையில் எலி நகர்ந்தாலும் கேட்கிற காது. திரையைப் பார்த்தபடியே தலையை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்தார்.

"என்ன சொல்றாங்க? கேக்கல."

"அவ அம்மா சாகலையாம்!" என்றாள் மனைவி, எதிர்வீடு வரைக்கும் கேட்கும்படியாக.